மழையில் வற்றிய வாய்க்கால்

நெய்வேலியில் நான் இப்போது பாடம் நடத்தும் பயிற்சி நிலையத்தில் சர்வே படிக்கும் இரண்டு பெண்களுக்கு, மலைக்காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. "அக்கா, நீங்க இருந்த மாதிரியே எடமாம். போலாமா?" என்று கேட்டார்கள். சைக்கிள் நிறுத்துமிடம் வரை நடந்துகொண்டே பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிலையத்தின் ஆண்டு மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் இதுவே.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதியில் என் பெயரைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த பாதை முடிந்துவிட்டது. அதற்காக எடுத்த ஆட்கள் எல்லாரையும் பாதை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அதில் ரயில் ஓடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்த வீடியோக்கள் என் போனுக்கு வந்தபடி இருக்கின்றன. குகை, மூங்கில், மேகம், பின்னால் ஒரு பாட்டு. ஒன்பதாவது கட்டிங்கை ரயில் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகிறது. மலையை இரண்டாக வெட்டி நடுவில் தண்டவாளத்துக்கு வழி விடும் இடத்தைத்தான் கட்டிங் என்போம். அந்த ஒன்பதாவது கட்டிங்கில் எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை அதன் அடியில் குனிந்து வாரிப் போடுவது அவர் வேலை. அம்மா குள்ளஞ்சாவடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போனவர். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய், பாலிடெக்னிக் போய், சிவில் டிப்ளமோ வாங்கியவள் நான். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள். அடக்கத்துக்காக இதைச் சின்னக் குரலில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. படித்த பிறகு, சுரங்கத்தின் மண் சரிவுகளை அளக்கும் ஒரு நிறுவனத்தில் முதலில் கருவியைச் சுமந்தேன், பிறகு கருவியைப் பார்த்தேன். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் மலைக்காட்டு வேலையை வாங்கினேன். வேலையின் பெயர் சரிவுக் கண்காணிப்பாளர். வெட்டிய மலை நிற்குமா, இறங்குமா என்று தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும். நிற்காது என்று தோன்றினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் உண்டு.

அசாமுக்குத் தெற்கே இருக்கிற அந்தக் காட்டில் மழை என்பது ஊரில் நாம் பார்ப்பது மாதிரி வந்து போவதில்லை. வந்தால் அங்கேயே குடியிருக்கும். துவைத்த துணி காயாது. சமையல் கொட்டகையில் சோற்று அண்டாவுக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவோம். எல்லாருடைய சட்டையிலும் வெந்த சோறும் புகையும் கலந்த ஒரே வாசனை அடிக்கும். காலையில் பூட்ஸ் போடுவதற்கு முன்னால் காலுறைக்கு மேல் புகையிலைத் தண்ணீரும் உப்பும் தடவிக்கொள்ள வேண்டும். அப்படியும் மாலையில் காலைப் பார்த்தால் நான்கைந்து அட்டையாவது குடித்துக் கொழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை மலேரியாவுக்கு விரலில் ரத்தம் எடுப்பார்கள். போன் சிக்னல் முகாமில் கிடையாது. மேலே ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்று, அவரவர் மொழியில் கத்திக்கொண்டிருப்பார்கள். ஜார்க்கண்ட்காரர்கள் கம்பி கட்டினார்கள். பக்கத்து மலைக் கிராமத்துப் பெண்கள் கல் சுமந்தார்கள். மண் வெட்டும் இயந்திரங்களுக்கு எங்கள் ஊர் ஆட்கள்.

எங்கள் ஊர் என்றால் மந்தாரக்குப்பமும் அதைச் சுற்றிய ஊர்களும். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் வெட்டிப் பழகியவர்கள். முகாமில் அவர்களை நெய்வேலி டீம் என்றே எல்லாரும் சொல்வார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஏழுமலை. பொக்லைன் ஆபரேட்டர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர் என்பதால் முகாமிலும் பாப்பா என்றே கூப்பிட்டார். அவருடைய மெக்கானிக் கலியமூர்த்தி வாயை மூடாத ஆள். நான் முதல் நாள் தலையில் ஹெல்மெட்டும் கையில் அளவுகோலுமாகப் போய் நின்றபோது, "ஏழுமல, நம்ம ஊரு பொண்ணு வந்து நிக்குதுடா. மலையே எழுந்து வணக்கம் சொல்லும் பாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. "மலை எழுந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன், வெளிய வந்துடுங்க" என்றேன். அன்று முதல் எனக்கு இன்ஜினியரம்மா என்று பெயர். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் பிஸ்வாஸ் சார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மழையில் குடை பிடிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வாக்கி டாக்கியில் யார் கூப்பிட்டாலும் மூன்று கேள்விதான் கேட்பார். எங்கே நிற்கிறாய்? என்ன பார்த்தாய்? இதுவரை என்ன செய்தாய்? அரைகுறை இந்தியில் கேட்பார். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பயமாக இருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்று ஆரம்பித்தால், முதல் கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்பார். என்ன நினைக்கிறாய் என்று அவர் என்னைக் கேட்டதே கிடையாது. ஆரம்பத்தில் எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிட்டால், நான் எடுத்த முடிவை அவர் மாற்றவே மாட்டார். மற்றவர்கள் மாற்றவும் விட மாட்டார்.

என் காலை வேலை இப்படி. வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு கட்டிங்காகப் போவேன். வெட்டிய சுவரின் அடியில் எங்கெல்லாம் தண்ணீர் கசிகிறதோ அங்கே ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். தெளிவா, கலங்கலா. நேற்றைவிடக் கூடவா, குறைவா. பிறகு பின்பக்கப் பாதையில் உச்சிக்கு ஏறி, வெடிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். சுரங்கத்தில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், மண் மொட்டையாக இருக்கும். காட்டில் தெரியாது. மூங்கில் வேரும் இலைச் சருகும் பாய் விரித்த மாதிரி மூடியிருக்கும். கீழே மலை பிளந்திருந்தாலும் மேலே பாய் கிழியாது. அதனால் ஆள் உயர இரும்புக் கம்பியைச் சருகுக்குள் வரிசையாகக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி மண்ணில் முட்டி நின்றால் நல்லது. நிற்காமல் இறங்கினால் அங்கே பிளவு.

ஒன்பதாவது கட்டிங்குக்கு ஒரே ஒரு வாய். மறுமுனையில் குகை இன்னும் திறக்கவில்லை. உள்ளே போனவர்கள் போன வழியாகத்தான் திரும்ப வேண்டும். மழை வலுத்தபோது இடது சுவரின் அடியில் ஊற்று கிளம்பி, வேலை நடக்கும் இடமெல்லாம் சேறாகியது. நெய்வேலி டீமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம் சுரங்கத்தில் தண்ணீர் கீழேயிருந்து பீறிட்டு வரும். அடியில் வாய்க்கால் வெட்டி, குழிக்குத் திருப்பி, இரவு பகலாகப் பம்பு ஓட்டி, தண்ணீரை ஜெயித்துத்தான் பழுப்பு நிலக்கரியைத் தொடுகிறோம். தரை காய்ந்தால் ஜெயித்தோம் என்று அர்த்தம். ஏழுமலை அதே மாதிரி சுவரின் அடியை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினார். கட்டிங் ஒரே நாளில் நடக்கத் தோதாக ஆனது. மற்ற டீம்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாய்க்கால் சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும், அடியைப் பறித்தால் மேலே இருப்பதற்குத் தாங்கல் குறையும் என்று நான் சொன்னேன். சரி என்று பாதியைத் தள்ளி வெட்டினார்கள். மீதிப் பாதி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரும் ஓடியது. தெளிவாகவே ஓடியது.

பிறகு ஒரு நாள் காலை. விடாமல் அடித்த மழைக்கு நடுவில் நான் உள்ளே போகிறேன். வாய்க்கால் வற்றியிருந்தது.

டீம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. தார்ப்பாய் கட்டி, அதன் அடியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி வெறும் வாய்க்காலுக்குள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, "வா இன்ஜினியரம்மா, உன் பாட்டில்ல புடிக்க ஒரு சொட்டு மிச்சம் வெக்கலியே" என்றார். ஏழுமலையின் பொக்லைன் உள்கோடியில் நின்றது. சக்கரத்துக்குப் பதில் அது ஊர்ந்து போகும் இரும்புச் செயின் ஒரு பக்கம் கழன்று சேற்றில் கிடந்தது.

நான் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. மேலேயிருந்து மழை கொட்டுகிறது. மலை அதைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று வரை அந்தத் தண்ணீர் இந்த அடி வழியாக வெளியே வந்தது. இன்று வரவில்லை. மலைக்குள் ஏதோ நகர்ந்து, தண்ணீர் வந்த வழியை அடைத்துவிட்டிருக்கிறது. வெளியே வராத தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது. சுரங்கத்தில் தரை காய்ந்தால் பம்பு ஜெயித்தது என்று அர்த்தம். இங்கே பம்பே இல்லை. இங்கே யாரும் எதையும் ஜெயிக்கவில்லை.

எல்லாரும் வெளியே போக வேண்டும் என்றேன். டீயை வைத்துவிட்டு, இப்போதே.

ஏழுமலை எழுந்து வந்தார். கோபப்படவில்லை. "ஏன் பாப்பா, தண்ணி வந்தா பயப்படலாம். நின்னதுக்கா பயப்படற?" என்றார்.

"நின்னதுக்குத்தாண்ணே."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நான் தண்ணியோட மல்லு கட்டிகினு இருக்கேன். காஞ்ச தரையில நின்னு யாரும் செத்ததில்ல."

"அது நம்ம ஊரு தரைண்ணே. இது மலை. வெளிய வாங்க."

"சரி, ஆளுங்க போவட்டும். எனக்கும் கலியமூர்த்திக்கும் அரை நாள் குடு. செயின மாட்டி வண்டிய ஓட்டிகினு வந்துடறோம். வண்டிய உள்ள வுட்டுட்டு வந்தா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?"

முடியாது என்றேன். அரை மணி நேரம்கூட முடியாது என்றேன். வாக்கியில் பிஸ்வாஸ் சாரைக் கூப்பிட்டேன். எங்கே? ஒன்பதாவது கட்டிங்கின் வாய். என்ன பார்த்தாய்? மழை பெய்துகொண்டிருக்கும்போது அடி ஊற்று வற்றிவிட்டது. என்ன செய்தாய்? ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருக்கிறேன், இயந்திரத்தை உள்ளே விடுகிறேன். வாயை அடைத்துக் கயிறு கட்டு என்றார். ஏழுமலைதான் கடைசியாக வெளியே வந்தார். வரும்போது பொக்லைனின் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மலை விழவில்லை. மறுநாளும் விழவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டு வெயிலே வந்தது. அந்தக் காட்டில் வெயில் அபூர்வம். ஈர மூங்கில் எல்லாம் மினுங்க, சுவர் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும், அவ்வளவு உறுதியாக இருந்தது. வேலை இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதால் டீம்காரர்கள் முகாமில் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கொட்டகையில் நான் போய் உட்கார்ந்த பலகையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கலியமூர்த்தி மட்டும் எனக்குக் கேட்கும்படி, "மலைக்கு லீவு குடுத்திருக்காங்கப்பா, அது நல்லா தூங்குது, எழுப்பாதீங்க" என்றார். பலர் சிரித்தார்கள். அந்தக் கொட்டகையில் நான் ஒருத்தி மட்டுமே பெண், நான் ஒருத்தி மட்டுமே தடுக்கிறவள். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

தினமும் உச்சிக்கு ஏறிக் கம்பி குத்தினேன். விளிம்புக்குப் பக்கத்தில் முதல் வரிசை. ஒன்றுமில்லை. மறுநாள் அதற்கு மேலே இன்னொரு வரிசை. கம்பி முட்டி முட்டி நின்றது. ஒவ்வொரு முறை முட்டும்போதும் என் வாதத்துக்கு ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. இறங்கி வந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். ஊற்று திரும்ப வந்ததா என்று பிஸ்வாஸ் சார் கேட்டார். வரவில்லை என்றேன். அப்படியானால் கயிறு இருக்கட்டும் என்றார்.

அன்று மாலை வளைவுக்குப் போனபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது. ஊருக்குச் செய்தி போய்விட்டிருந்தது. டீம்காரர்களின் வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் பொண்ணு எங்க வயித்துல அடிக்கிறா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அந்தத் தெருவில்தான் அவர் இருந்தாக வேண்டும்.

"செல்வி, அது விழுமா, விழாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா."

"தெரியாம எப்பிடிம்மா நிறுத்தின?"

"தெரியாததாலதாம்பா நிறுத்தினேன். நிக்கும்னு தெரிஞ்சா உள்ள அனுப்பியிருப்பேன்."

பின்னால் தெருவில் ஏதோ வண்டி போனது.

"சரி. மறுபடி வருவாங்க. நான் என்னா சொல்லட்டும்?"

"எல்லாரும் உசிரோட இருக்காங்கன்னு சொல்லுங்க."

"சரிம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்த பிறகு இருட்டும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் முகாமுக்கு இறங்கினேன். டீம்காரர்கள் என் முகத்தைப் பார்த்துவிடக்கூடாது.

அடுத்த நாள் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சுவரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். இன்னும் எத்தனை நாள் என்று பிஸ்வாஸ் சாரைக் கேட்டார். பிஸ்வாஸ் சார் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, அதே மூன்று கேள்விகளை அவர் முன்னாலேயே கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெடிப்பு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். மேலதிகாரி அதை மட்டும் பிடித்துக்கொண்டார். வெடிப்பு இல்லை என்றால் நாளை காலை திறந்துவிடுங்கள் என்றார். பிஸ்வாஸ் சார் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். நாளை காலை இவள் மேலே போய்ப் பார்த்து இறங்கி வருவாள், அதற்கு முன் யாரும் உள்ளே போகக்கூடாது, அதற்குப் பிறகு திறக்கலாம் என்றார். குரல் உயரவில்லை. மேலதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

முகாமில் இந்தச் செய்தி, நாளை காலை திறக்கிறார்கள் என்று மட்டும் பரவியது.

மறுநாள் காலையில் மறுபடி தூறல். நான் முன்பு தேடிய வரிசைகளை விட்டுவிட்டு நேராக மேலே போனேன். வழக்கமாக யாரும் போய்த் தேடாத உயரம். அங்கே நிலம் கொஞ்சம் சமமாகி, பெரிய மூங்கில் புதர்கள் நிற்கும். முதல் குத்து, முட்டியது. அடுத்தது, முட்டியது. பிறகு ஒரு குத்தில் கம்பி கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே போனது. நான் முன்னால் குப்புற விழப் பார்த்தேன். கைப்பிடி வரை இறங்கி நின்றது. ஓரடி தள்ளிக் குத்தினேன். அங்கேயும் அப்படியே. நான் நின்றது பிளவுக்கு மேல்பக்கம். கீழ்ப்பக்கம் இருந்த அத்தனை காடும், நாங்கள் பயந்த சுவரைப்போல் பல மடங்கு, தனியாகக் கழன்று இருந்தது.

வாக்கியை எடுத்தேன். எங்கே நிற்கிறேன், என்ன பார்த்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கீழேயிருந்து சத்தம் கேட்டது. டங், டங் என்று சம்மட்டி அடிக்கும் சத்தம். மூங்கிலை விலக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிப் போய்ப் பார்த்தேன். கட்டிங்கின் உள்கோடியில் பொக்லைனுக்குப் பக்கத்தில் மூன்று பேர். ஏழுமலை, கலியமூர்த்தி, இன்னொருவர். கயிற்றைத் தாண்டிப் போய்ச் செயினை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் வாக்கி இல்லை. கீழே இறங்கி ஓடினால் நேரம் ஆகும். கத்தினேன். சம்மட்டிச் சத்தத்தில் யாரும் நிமிரவில்லை. விசிலை எடுத்து ஊதினேன். கலியமூர்த்தி மட்டும் அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், சரி சரி, வந்துவிடுகிறோம் என்கிற மாதிரி. திரும்பவும் குனிந்துகொண்டார். என் விசில் அவர்களுக்கு இன்ஜினியரம்மாவின் விசில். அது அவர்களோடு வாதம் செய்யும் விசில்.

அப்போது எனக்கு வேறொரு சத்தம் ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் கன்வேயர் ஓடத் தொடங்குவதற்கு முன் ஒரு சைரன் ஊதும். நீளமாக ஒன்று, சின்ன இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று, உடனே விட்டு விட்டுக் குட்டையாக. பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் அந்தச் சத்தம் கேட்டால் யோசிக்க மாட்டான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விலகி ஓடுவான். ஓடாதவனுக்குக் கை போகும். வீட்டில் அப்பா தூங்கும்போது தூரத்தில் அந்தச் சைரன் கேட்டால்கூடத் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அதே மாதிரி ஊதினேன். நீளமாக ஒன்று. இடைவெளி. மறுபடி நீளமாக ஒன்று. பிறகு மூச்சு முட்ட விட்டு விட்டு.

சம்மட்டி நின்றது. மூன்று பேரும் இயந்திரத்தை விட்டுத் துள்ளி விலகினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வாயை நோக்கி ஓடினார்கள். ஏழுமலைதான் முன்னால் ஓடினார். நான் ஊதுவதை நிறுத்தவில்லை. வாய்க்கு வெளியே வந்த பிறகுதான் அவர்களுக்குத் தாங்கள் இருப்பது நெய்வேலி இல்லை என்று உறைத்திருக்க வேண்டும். ஏழுமலை நின்றார். திரும்பி மேலே பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் கோபம் எனக்குத் தெரிந்தது. மறுபடி உள்ளே போக அடி எடுத்து வைத்தார். கலியமூர்த்தி பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இருவரும் அங்கே சேற்றில் மல்லுக்கட்டினார்கள். அவர் உதறிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க எனக்கு இஷ்டமில்லை.

முதலில் சத்தம் வரவில்லை. எனக்குக் கீழே இருந்த மூங்கில் நுனிகள் எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கின. நிமிர்ந்தபடியே, ஊர்வலம் போவது மாதிரி, மெதுவாக. வேர்ப்பாய் என் காலுக்குச் சற்று முன்னால் கிழிந்தது. அதன் பிறகுதான் சத்தம். அது நின்றபோது கட்டிங் இருந்த இடத்தில் கட்டிங் இல்லை. பச்சை மூங்கிலும் சிவப்புச் சேறும்தான். சேற்றிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர்.

வாக்கியில் பிஸ்வாஸ் சார் கூப்பிட்டார். எங்கே நிற்கிறாய் என்றார். மேலே என்றேன். என்ன பார்த்தாய் என்றார். மலை இறங்கிவிட்டது, மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள் என்றேன். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அவர்களை எண்ணு, ஒவ்வொருவரையும் பார்த்து எண்ணிச் சொல் என்றார். எண்ணினேன். என் குரல் அப்போதுதான் உடைந்தது. மறுபடி எண்ணச் சொன்னார்.

அன்று மாலை கொட்டகையில் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் உட்கார்ந்த பலகையில் கலியமூர்த்தி வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். "எங்க அம்மா சத்தியமா பெல்ட்டு ஓடுதுன்னுதான் நெனச்சேன்" என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஏழுமலை பேசவே இல்லை. பொக்லைன் மண்ணுக்குள் போய்விட்டது. பிறகு தோண்டி எடுத்தபோது உபயோகப்படும் நிலையில் இல்லை. பண்ருட்டியில் இருந்த அதன் உரிமையாளர் அவருக்கு வேறு வண்டி தரவில்லை. வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்த ஆபரேட்டர் என்று பேச்சு பரவியது. அந்த மாதமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்ததாகச் சொன்னார்கள். பாதை முடியும்வரை நான் அங்கேயே இருந்தேன். அதற்குப் பிறகு பல கட்டிங்குகளை நிறுத்தினேன். அவற்றில் பெரும்பாலானவை விழவில்லை. விழாதவற்றுக்காக வாங்கிய திட்டுக்கு அளவில்லை. இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்ட பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: போங்கள். ஆனால் நீங்கள் சரியாகச் செய்த பெரும்பாலான நாட்களில், நீங்கள் செய்தது தப்பு என்றுதான் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியும். அதைத் தாங்க முடியும் என்றால் போங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஏழுமலையை மந்தாரக்குப்பத்தில் பலமுறை எதிரில் பார்த்தேன். இப்போது டிப்பர் லாரி ஓட்டுகிறார். என்னைக் கண்டால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். போன மாதம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டதால் நானும் அங்கேதான் ஒதுங்க வேண்டியிருந்தது. நான் வணக்கம் சொன்னேன். அவர் தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"மொத நாளே அரை நாளு வுட்டிருந்தீன்னா, செயின மாட்டி வெளிய ஓட்டிகினு வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்கண்ணே. அது நாலு நாளு நின்னுதே."

"அப்ப ஒத்துக்கற."

"ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கி அதே மாதிரி வத்தினாலும் வுட மாட்டேன்."

அவர் தம்ளரைச் சுற்றிச் சுற்றி ஆற்றினார். டீ ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

"தெரியும்," என்றார். "அதனாலதான் உங்கூட பேசறதில்ல."

பிறகு கடைக்காரரைப் பார்த்து இன்னொரு டீ சொன்னார். அது வந்ததும் என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து, மழையிலேயே தன் லாரியை நோக்கி நடந்தார்.